ஒரே தெருவுக்கு ஏழு சர்வே: இந்த மழைக்காவது ஒரு படிவத்தில் சேர முடியுமா?

மடுவங்கரைவாசி | ஞாயிறு, இரவு 9:10

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது. மழை வந்த பிறகு இதைப் பேசினால் யாருக்கும் காது கொடுக்க நேரம் இருக்காது, அதனால் இப்போதே தொடங்குகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் எட்டுப் பேர் வேளச்சேரி பக்கம் வேலை செய்தோம். தண்ணீர் இடுப்பிலிருந்து முட்டிக்கு இறங்கிய அன்று ஒரு தெருவுக்குள் போனேன். கையில் ஃபோன், ஃபோனில் கூகுள் ஃபார்ம். முதல் வீட்டு அம்மா வாசற்படியில் நின்றபடியே சொன்னார், "நீ ஏழாவது ஆளுப்பா. ஆதாரும் ரேஷன் கார்டும் நனைஞ்சு மாடியில காயுது, மறுபடி ஏறி எடுத்துட்டு வரணுமா?" ஒரு பேச்சுக்கு ஏழு என்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் விசாரித்து எண்ணினால் உண்மையிலேயே ஏழு. ஒரு ஐ.டி. கம்பெனித் தன்னார்வலர்கள், ஒரு சர்ச் இளைஞர் குழு, ஒரு பள்ளிவாசல் குழு, ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள், இரண்டு என்.ஜி.ஓ., கடைசியாக நாங்கள். ஏழு எக்செல் கோப்பு. இரண்டு தெரு தள்ளிக் கால்வாய் ஓரத்தில் இருந்த குடிசைகளுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை, ஏனென்றால் போகும் வழியில் தண்ணீர் இன்னும் வடியவில்லை.

தகவல் ஒரே படிவத்தில், ஒரே இடத்தில் சேர வேண்டும். யார் எந்தத் தெரு என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். நடக்கிற காரியமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எக்செல்_அடிமை | ஞாயிறு, இரவு 9:48

தாராளமாக நடக்கும். முதலில் கூகுள் ஃபார்மை விடுங்கள் சார், சிக்னல் இல்லாத இடத்தில் அது வேலைக்கு ஆகாது. கோபோ டூல்பாக்ஸ் எடுங்கள். ஹார்வர்டில் பேரிடர் வேலை செய்கிற பிரிவு ஒன்று ஆரம்பித்தது, ஐ.நா. அமைப்புகளிலிருந்து சின்ன என்.ஜி.ஓ. வரை அதைத்தான் வைத்திருக்கிறார்கள். படிவத்தை எக்செல்லிலேயே எழுதலாம். ஃபோனில் இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே நிரப்பலாம், சிக்னல் வந்ததும் அதுவே அனுப்பிவிடும். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே படிவத்தில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஜி.பி.எஸ். புள்ளி, ஃபோட்டோ எல்லாம் உண்டு.

ஏழு குழுவுக்கும் ஒரே படிவம், ஒரே சர்வர். ராத்திரி ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தால் காலையில் வரைபடம் தயார். நான் இலவசமாகச் செய்து தருகிறேன், வார இறுதியில் முடிந்துவிடும்.

சும்மா_வந்தேன் | ஞாயிறு, இரவு 10:05

கோபித்துக்கொள்ளாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவனுக்குப் பால், பிரெட், தண்ணீர் கேன், மெழுகுவர்த்தி, கொசுவத்தி. இதைத் தெரிந்துகொள்ள சர்வர் எதற்கு? சர்வே எடுக்கிற நேரத்தில் இரண்டு நடை பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

கோட்டூர்புரம்_2015 | ஞாயிறு, இரவு 11:30

சும்மா வந்தவர் சொல்வதைத்தான் 2015-இல் நாங்களும் சொன்னோம், அதன் பலனையும் பார்த்தோம்.

டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது, எங்கள் பக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தரைத்தளம் முழுக்கப் போய்விட்டது. எனக்கு மாடி வீடு. பவர் பேங்கில் உயிர் வைத்திருந்த ஒரு லேப்டாப்போடு நாலு நாள் கூகுள் ஷீட்டில் உட்கார்ந்திருந்தேன். உதவி கேட்பவர்கள் ஒரு பக்கம், உதவி தருபவர்கள் மறுபக்கம். ட்விட்டரில் வந்ததை எடுத்து எழுதுவது, ஃபோன் போட்டுச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றிய செய்தி வேறு வேறு ஆள் வழியாக எத்தனையோ தடவை வந்தது. அவரை முதல் நாளே படகில் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி மட்டும் நாலாம் நாளும் "அவசரம், பகிரவும்" என்று சுற்றிக்கொண்டிருந்தது. பகிர்ந்தவர் யாரும் "முடிந்துவிட்டது" என்று எழுதவில்லை.

அப்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் வந்தது, தண்ணீர் நிற்கிற தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். அதைப் பார்த்துத்தான் வண்டிகளை அனுப்பினோம். குறி இல்லாத தெரு காய்ந்த தெரு என்று எங்களுக்கு நினைப்பு. அங்கே குறிக்க ஆள் இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான் விஷயம். கடலூரிலும் அந்த மழையில் பலத்த அடி, எங்கள் ஷீட்டில் கடலூர் ஒரு மூலையில் இருந்தது.

பிரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிசம்பர் 5-க்குப் பிறகு எங்கள் தெருமுனையில் நாய்கூடச் சீந்தாத பிரெட் குவியல். கேட்டது பினாயிலும் துடைப்பமும்.

நாகைக்காரர் | திங்கள், காலை 6:20

தம்பிகளுக்கு வணக்கம். நான் இப்போது பெரம்பூரில் இருக்கிறேன், 2004-இல் நாகப்பட்டினத்தில் இருந்தேன்.

பிரெட் குவியல் என்றதும் துணிக் குவியல் ஞாபகம் வந்தது. சுனாமி வந்து சில நாளில் நாகைச் சாலை ஓரமெல்லாம் பழைய துணி. யார் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். உடையவரைப் பறிகொடுத்த ஜனம் அடுத்தவர் உடுத்திய துணியைத் தொடவில்லை, தொட மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

அந்தக் குழப்பத்தில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் என்.ஜி.ஓ.க்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் வந்தது. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமான சினேகாவும் சேர்ந்து முன்கையெடுத்தார்கள், நிர்வாகம் இடம் கொடுத்தது. கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் வேலை நடந்தது சாயந்திரக் கூட்டத்தில். எந்த ஊருக்கு யார் போனீர்கள், என்ன கொடுத்தீர்கள், என்ன மிச்சம்? சுவரில் ஊர்ப் பட்டியல் இருக்கும், யார் பெயரும் இல்லாத ஊர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சர்வர் என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு அந்தச் சுவர்தான்.

அப்படியும் தப்பு நடந்தது. படகு போனவருக்குப் படகு கிடைத்தது, சில இடத்தில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே ஃபைபர் படகு வந்து இறங்கியது. கூடையில் மீன் விற்கிற பெண்கள், உப்பளக் கூலிகள், இருளர்கள் பட்டியலுக்குள் வரத் தாமதமானது. ஏன் என்றால் "என்ன சொத்து இழந்தீர்கள்" என்றுதான் படிவம் கேட்டது. சொத்தே இல்லாதவர் எதை எழுதுவார்?

மடுவங்கரைவாசி | திங்கள், காலை 8:02

ஐயா, அந்தச் சுவர் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். யார், என்ன, எங்கே. ஐ.நா. மனிதாபிமான உதவி அலுவலகம் மூன்று டபிள்யூ என்று நடத்துவதும் அதே சுவர்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. படிவம் அப்புறம். அந்த அட்டவணை முதலில்.

பெரும்பாக்கம்_எட்டாம்_மாடி | திங்கள், காலை 11:15

நான் பேசலாமா என்று தெரியவில்லை, நான் சர்வே எடுத்தவள் இல்லை, கொடுத்தவள்.

எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பு எட்டு மாடி. மிக்ஜாமில் கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது, மோட்டார் ஓடவில்லை. மேல்மாடியில் டயாலிசிஸ் போகிற ஒரு பெரியவர், முட்டி வலிக்காரப் பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள். குடத்தை எட்டு மாடி தூக்கி ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். மூன்றாம் நாள் ஃபோனோடு ஒரு பொண்ணு வந்தது. நல்ல பொண்ணுதான். முதல் கேள்வி, "அக்கா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" எட்டாம் மாடியில் எப்படி வரும்? இல்லைம்மா என்றேன். ஃபோனைப் பார்த்துவிட்டு "முடிஞ்சிருச்சுக்கா, தேங்க்ஸ்" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

அதோடு சரி. எங்கள் பிளாக்கில் கீழ்வீடுகளுக்கு மட்டும் சாமான் வந்தது. தப்பு அந்தப் பொண்ணு மேல் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எக்செல்_அடிமை | திங்கள், பகல் 1:40

அக்கா, நீங்கள் பேசாமல் வேறு யார் பேசுவது.

அது எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு. "இல்லை" என்றால் அடுத்த கேள்விகளைத் தாண்டிப் போகும்படி படிவத்தில் ஒரு விதி எழுதுவோம், நேரம் மிச்சம் என்று. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் பாதிப்பு இல்லை என்று படிவம் எழுதியவர் நினைத்திருக்கிறார். அவர் தனி வீட்டில் குடியிருப்பவராக இருப்பார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நேற்று ராத்திரி ஆரம்பித்த வரைவைத் திறந்து பார்த்தேன், நாலாவது கேள்வி அதுவே.

மாற்றிவிட்டேன். இப்போது முதலில் கேட்பது: குடிக்கத் தண்ணீர் கையில் எத்தனை லிட்டர் இருக்கிறது, எத்தனை பேருக்கு. பேரிடர் உதவிக்கு உலக அளவில் வைத்திருக்கிற ஸ்ஃபியர் தரப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 60. நாம் கொடுப்பது ஒரு 20 லிட்டர் கேன், கொடுத்துவிட்டு "தண்ணீர் விநியோகம் முடிந்தது" என்று டிக் அடிக்கிறோம்.

எர்ணாவூர்_வலை | திங்கள், மாலை 5:25

எங்கள் கதையையும் கேளுங்கள். அதே மிக்ஜாம், எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர், காலில் எல்லாம் கறுப்புப் பிசின். சர்வே எடுக்க வந்தவர்களின் படிவத்தில் ஆறு கட்டம்: உணவு, தண்ணீர், மருந்து, உடை, தங்குமிடம், பள்ளிப் புத்தகம். எனக்கு வேண்டியது எண்ணெய் போக்கிய வலை. அதற்குக் கட்டம் இல்லை. "இதரன்னு ஒண்ணு இருக்கு அண்ணே, அதுல போட்டுக்கிறேன்" என்றார் பையன். இதரவை யார் படித்தார்கள்?

வேளச்சேரியில் எழுதின படிவத்தை எண்ணூருக்குக் கொண்டுவராதீர்கள்.

சும்மா_வந்தேன் | திங்கள், மாலை 6:00

அப்போது ஏரியாவுக்கு ஒரு படிவம் வேண்டும் என்கிறீர்கள், இழையின் தலைப்போ ஒரே படிவம். முடிவுக்கு வாருங்கள் ஐயா.

முடிச்சூர்_படகு | திங்கள், இரவு 9:55

இவ்வளவு நேரமும் இரண்டு வேறு வேலையை ஒரே வேலை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் ஒரு நிவாரண அமைப்பில் பத்து வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன், இப்போது கடை வைத்திருக்கிறேன். தேவை என்ன என்று பார்ப்பது ஒன்று. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பெயர்ப் பட்டியல் எடுப்பது வேறொன்று. முதலாவதற்கு வீடு வீடாகப் போகவே வேண்டாம். ஐ.நா. அமைப்புகள் பின்பற்றும் கூட்டு விரைவு மதிப்பீடு, மிரா என்பார்கள், அதில் முதல் 72 மணி நேரம் ஏற்கெனவே கையில் இருக்கும் தகவலைத்தான் திரட்டுவார்கள்: மக்கள்தொகை, பழைய வெள்ள வரைபடம், செய்தி, மாவட்ட நிர்வாகம் சொல்வது. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் களத்துக்குப் போனாலும் கணக்கு ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஒரு பகுதியில் நாலைந்து பேரிடம் உட்கார்ந்து பேசுவது, கண்ணால் பார்ப்பது, எழுதுவது. அங்கன்வாடி டீச்சர், ரேஷன் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், மகளிர் குழுத் தலைவி, தண்ணீர் திறந்துவிடுகிறவர். நம் ஊரில் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஸ்ஃபியர் இந்தியாவும் மாநில அளவிலான அமைப்புகளும் சேர்ந்து எடுக்கும் கூட்டு மதிப்பீடும் ஏறக்குறைய இதே வகை.

நாம் என்ன செய்கிறோம்? முதல் நாளே ஆதார், ரேஷன் கார்டு, ஃபோன் நம்பர். கார்டை வாங்கி எழுதிவிட்டால் அந்த வீட்டுக்குச் சாமான் வருகிறது என்று அர்த்தம், நாம் எப்படிச் சொன்னாலும் ஜனம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ரேஷன் கடை டோக்கன் வழியாக அரசு நிவாரணம் 6,000 ரூபாய் வந்த வருடம் வேறு. எங்கள் ஆள் ஒருவன் நோட்டில் பெயர் எழுதியதற்கு, மறுநாள் பேர் விட்டுப்போனவர்கள் வண்டியை மறித்துவிட்டார்கள். அவன் எழுதியது சும்மா ஒரு மாதிரிக் கணக்கு.

ஆக, எர்ணாவூர் அண்ணனுக்குப் பதில்: பொதுக் கேள்வி பத்துப் பன்னிரண்டு எல்லோருக்கும் ஒன்று, அதன் கீழே அந்தந்தப் பகுதிக்காரர்கள் மூன்று கேள்வி சேர்த்துக்கொள்ளட்டும். கட்டமே இல்லாமல் ஒரு கேள்வி கட்டாயம் வையுங்கள்: "இந்தத் தெருவுக்கு இன்றைக்கு ஒரே ஒரு வண்டிதான் வரும் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?" அதை வாயால் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்கள், கோபோவில் அதற்கும் வழி இருக்கிறது. ராத்திரி ஒருத்தர் உட்கார்ந்து கேட்கட்டும்.

கோட்டூர்புரம்_2015 | திங்கள், இரவு 10:30

இதை 2015-இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பெரும்பாக்கம்_எட்டாம்_மாடி | செவ்வாய், காலை 7:10

நாலைந்து பேரிடம் பேசுவது சரி. ஆனால் அந்த நாலைந்து பேரும் எப்போதும் ஒரே ஆட்கள். எங்கள் பிளாக்கில் யார் வந்தாலும் சங்கத் தலைவர்தான் முன்னால் நிற்பார், அவர் சொல்வது அவர் வீட்டுப் பக்கத் தேவை. ஒரு பெண் தனியாக ஒரு பெண்ணிடம் கேட்கட்டும். நாப்கின் வேண்டும் என்று தலைவர் முன்னால் எந்தப் பிள்ளை சொல்லும்? கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ராத்திரி போக பயம் என்பதை யார் சொல்வார்கள்? முகாம் பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து நாளும் எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

முடிச்சூர்_படகு | செவ்வாய், காலை 7:45

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஐந்தில் இரண்டு பேராவது பெண்கள், அதில் ஒருவர் எந்தப் பொறுப்பிலும் இல்லாதவர். வடநாட்டுத் தொழிலாளர் ஷெட் இருந்தால் அங்கிருந்து ஒருவர். அவர்களுக்கு இங்கே கார்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது, நம் ஊர்ப் பட்டியல் எதிலும் வரமாட்டார்கள்.

ஸ்பெல்லிங்_போலீஸ் | செவ்வாய், பகல் 12:20

எல்லாம் சரி, ஏழு எக்செல்லையும் சேர்க்க உட்கார்ந்த ஆள் நான். மூன்று ராத்திரி போனது எதில் தெரியுமா, ஊர்ப் பெயரில். திருவொற்றியூருக்கு ஆங்கிலத்தில் நாலு ஸ்பெல்லிங், பள்ளிக்கரணைக்கு மூன்று. எம்.ஜி.ஆர். நகர் என்று எழுதியிருந்தார்கள், சென்னையில் எந்த எம்.ஜி.ஆர். நகர்? காமராஜர் தெரு, பாரதி தெரு, அண்ணா தெரு பற்றிப் பேசவே வேண்டாம். "பிள்ளையார் கோயில் பக்கம்" என்று ஒருவர் எழுதியிருந்தார், பாவம், அவர் கண்ணுக்கு அந்த ஒரு பிள்ளையார்தான் தெரிந்திருக்கிறார்.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். மாநகராட்சியின் 200 வார்டுக்கும் எண் இருக்கிறது. ஆனால் அங்கேதான் அடுத்த சிக்கல், முடிச்சூரும் பெரும்பாக்கமும் சென்னை மாநகராட்சி இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். தண்ணீருக்கு எல்லை தெரியாது, பட்டியலுக்குத் தெரிய வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரு எண் உண்டு. அதை எடுத்துக்கொண்டால் அரசாங்கத் தகவலோடும் பின்னால் ஒட்டலாம்.

சொந்தப் படிவத்தைத்தான் வைப்போம் என்று அடம் பிடிக்கிற குழு ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும், நன்கொடையாளர் கேட்ட வடிவம் என்பார்கள். சண்டை வேண்டாம். அவர்கள் எக்செல்லில் தலைப்பு வரிக்குக் கீழே ஒரு வரி ஹேஷ்டேக் மட்டும் போடச் சொல்லுங்கள்: இது இடம், இது தேதி, இது எண்ணிக்கை. ஹெச்.எக்ஸ்.எல். என்று இதற்கு ஒரு பொது முறையே இருக்கிறது. தலைப்பு எந்த மொழியில் இருந்தாலும் அந்த வரியை வைத்துக் கணினி சேர்த்துக்கொள்ளும்.

காயல்_காற்று | செவ்வாய், மாலை 4:50

ஊர் காயல்பட்டினம், பிழைப்பு சென்னை மண்ணடியில். 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அதே நேரத்தில்தான் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றது. இங்கிருந்து நான் ஃபோன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு லைனும் போகவில்லை. சென்னையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவர்களுக்கு எங்கள் பக்கம் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். 2018-இல் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் எப்படி வேலை செய்யும்?

அதனால் அட்டவணையில் "தேவை இல்லை", "தேவை தெரியவில்லை" இரண்டையும் தனித்தனி நிறத்தில் போடுங்கள். தெரியவில்லை என்கிற ஊர்தான் முதல் வண்டி போக வேண்டிய ஊர். காகிதப் படிவமும் ஒரு கட்டு இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில் போட்டு, பென்சிலோடு. பேனா மை நனைந்தால் போச்சு.

தனிநபர்_தகவல் | செவ்வாய், இரவு 8:15

யாரும் தொடாத விஷயம். போன முறை ஒரு குழுவின் எக்செல் அப்படியே வாட்ஸப்பில் சுற்றியது: பெயர், ஃபோன், வீட்டு எண், "தனியாக வசிக்கும் பெண்" என்று ஒரு பத்தி. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு அக்காவுக்கு ஒரு மாதம் ராத்திரி ராத்திரி கால். நிவாரணம் வரவில்லை, கால் மட்டும் வந்தது. எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை, அவர்களும் மனம் நொந்துதான் இருக்கிறார்கள்.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது, சட்டம் இருக்கட்டும், புத்தி வேண்டாமா? முடிச்சூர் அண்ணன் சொன்னபடி முதல் கணக்கில் பெயரே வேண்டாம் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பட்டியல் எடுக்க வேண்டிய குழு தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளட்டும், பொது இடத்தில் ஏற்ற வேண்டாம். மாற்றுத்திறனாளி, டயாலிசிஸ் மாதிரி உடனே ஆள் போக வேண்டிய கேஸ் மட்டும் ஒரு ஆளிடம் ஃபோனில் சொல்லலாம். ஆதார் எண் யாருக்கும், எதற்கும் வேண்டாம். வேலை முடிந்ததும் எந்தத் தேதியில் அழிப்போம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

எக்செல்_அடிமை | செவ்வாய், இரவு 8:40

பெயர் இல்லாமல் இரட்டைப் பதிவை எப்படிப் பிடிப்பது? ரேஷன் கார்டு எண் இருந்தால் ஒரு ஃபார்முலாவில் முடிந்துவிடும்.

தனிநபர்_தகவல் | செவ்வாய், இரவு 8:52

தெருவுக்கு ஒரு கணக்கு என்றால் எதற்கு வீட்டு இரட்டைப் பதிவு? ஒரே தெருவுக்கு இரண்டு கணக்கு வந்தால் இரண்டு குழுவும் பேசிக்கொள்ளட்டும். அப்புறம் வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவர் கார்டு விருத்தாசலத்தில் இருக்கும், உங்கள் ஃபார்முலாவில் அவர் எங்கே வருவார்?

எக்செல்_அடிமை | செவ்வாய், இரவு 9:05

சரி. வாபஸ்.

சும்மா_வந்தேன் | புதன், காலை 9:30

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ஒரு கேள்வி, கேலியாக இல்லை. மாநகராட்சிக்கு 1913 என்று உதவி எண் இருக்கிறது, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. அவர்களும் எடுக்கிறார்கள் கணக்கு. நாம் எடுப்பதை அவர்கள் பார்ப்பார்களா, இல்லை நமக்கு நாமே பார்த்துக்கொள்ளவா? கேரளாவில் 2018 வெள்ளத்தில் அரசின் ஐ.டி. மிஷனும் தன்னார்வ இன்ஜினியர்களும் சேர்ந்து ஒரே தளம் நடத்தினார்கள், அதனால் அதற்கு மதிப்பு இருந்தது.

நாகைக்காரர் | புதன், காலை 10:15

நல்ல கேள்வி. நாகையில் எங்கள் மையம் ஆட்சியர் வளாகத்துக்குள் இருந்ததால்தான் தாசில்தார் எட்டிப் பார்த்தார். நீங்கள் மண்டல அலுவலகத்தில் மழைக்கு முன்னால் ஒரு தடவை போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். வெள்ளம் வந்த பிறகு போனால் பத்தோடு பதினொன்று. கையில் நீளமான அறிக்கை வேண்டாம், ஒரு பக்கம் போதும்: எந்தத் தெரு, என்ன குறை, எத்தனை பேர், எப்போது பார்த்தது. நேரம் முக்கியம். காலையில் பார்த்ததைச் சாயந்திரம் யாரும் நம்பக்கூடாது.

மடுவங்கரைவாசி | புதன், இரவு 10:40

மூன்று நாளாக வேலையைவிட்டு இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஏழில் ஐந்து குழுவிடம் பேசிவிட்டேன். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டுமாம், பழைய மாணவர்கள் ஃபோனே எடுக்கவில்லை. மீதிப் பேருக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு: சர்வர் கணக்கு எந்த ஒரு குழுவின் பெயரிலும் இருக்கக்கூடாது. யாரிடம் பாஸ்வேர்டு என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. படிவத்தில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் மூன்று நாள் வீட்டுக் கணக்கு இல்லை, தெருக் கணக்கு. பன்னிரண்டு கேள்வி, ஒரு குரல் பதிவு, பெயர் கிடையாது. ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு இருபது நிமிஷம் ஃபோன் கூட்டம், நாகை ஐயாவின் சுவர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காய்ந்த தெருவிலேயே ஒரு ஒத்திகை. பெரும்பாக்கம் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் கேள்வி கேட்கிற பக்கம்.

மடுவங்கரைவாசி | அடுத்த ஞாயிறு, மாலை 6:30

ஒத்திகை முடிந்தது. பதினாறு பேர் வந்தார்கள். ஜி.பி.எஸ். இரண்டு ஃபோனில் எங்களைக் கிண்டியில் காட்டியது. தமிழ்க் கேள்வி ஒன்று யாருக்கும் புரியவில்லை, "நீர் ஆதாரத்தின் தற்போதைய நிலை" என்று எழுதியிருந்தோம், அக்கா அதை "தண்ணி எங்கேருந்து பிடிக்கிறீங்க, இப்ப வருதா" என்று மாற்றிக் கேட்டார், அப்படியே படிவத்திலும் மாற்றிவிட்டோம். குரல் பதிவில் பாதி நாய் குரைப்பு. தெருக் கணக்குக்கு ஆன நேரம் இருபத்தைந்து நிமிஷம், அதில் பத்து நிமிஷம் காபி.

போன முறை என்னைப் படியில் நிறுத்திக் கேட்ட அந்த அம்மா இருந்தார். மழையே இல்லாதபோது எதற்கு வந்தீர்கள் என்றார். சொன்னேன். "கார்டு கேட்கலையே, அப்ப சரி" என்று உட்காரச் சொன்னார். கால்வாய் ஓரத்துக் குடிசைக்குத் தண்ணீர் நேரத்தில் போக வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, பின்பக்கம் ஒரு சுவர் இடிந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் அவர்கள் எப்போதும் வருவார்கள் என்று கையைக் காட்டினார். இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியாத வழி. படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

எர்ணாவூர்_வலை | அடுத்த ஞாயிறு, இரவு 7:15

எங்கள் பக்கம் எப்போது?

மடுவங்கரைவாசி | அடுத்த ஞாயிறு, இரவு 7:20

வருகிற சனிக்கிழமை அண்ணே. உங்கள் மூன்று கேள்வியை நீங்களே எழுதி வையுங்கள். வலைக்கு ஒரு கட்டம் போட்டாகிவிட்டது.